லேமினேஷன்

ரூட்டு நம்பரைச் சொல்லமாட்டேன்.
சொன்னால், படிக்கிறவர்களில் எவனாவது ஒருவன்
கையைத் தூக்கி ஜே போடுவான்.
மூலக்கடையில் ஏறி ஓட்டேரி, டவுட்டன் தாண்டி
கல்லூரி வாசலில் காலியாகும் பஸ்
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கும் ஒரு ஆதி இருந்தது.
எண்பத்தி நாலு, மழைக்காலம், பல்லவன் பஸ்.
டில்லிபாபு என்றொருவன்,
பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம்.
கண்டக்டர் அவன் சட்டையைப் பார்த்து
"இறங்குடா" என்றாராம்.
அவன் இறங்கவில்லை.

அவ்வளவுதான் கதை.
பிறகு வந்தவர்கள் ஓர் அறையைச் சேர்த்தார்கள்,
ஒரு போலீஸ் ஜீப்பை,
கூவத்தில் போய் விழுந்த விசிலை.
என் பங்குக்கு நான்
ஒற்றைக் கையால் பஸ்ஸை நிறுத்த வைத்தேன் அவனை.

டிக்கெட் எடுக்காதவனின் வம்சம் நாங்கள்.
எங்கள் பூஜைப் பொருளோ
அவன் பையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு டிக்கெட்.
எப்படி என்று யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

ஆடியில் ஆள் சேர்ப்போம்.
டெப்போ போகிற கடைசி வண்டி.
இன்ஜின் மூடிமேல் உள்ளங்கை வைத்து
முப்பது எண்ணவேண்டும்.
தோல் வேகிற அந்த முப்பதுக்குள்
ஃபீஸ் கட்டாத பயம் போனது எனக்கு,
அது பொய்யில்லை.
இங்கிலீஷ் வகுப்பில் ஒரு வரி புரியாமல்
மேஜையைச் சுரண்டிக்கொண்டிருந்தவனை
ஐம்பது பேர் "தல" என்று கூப்பிட்டால்
நீங்கள் என்ன செய்வீர்கள்?

சீட் காலியாக இருந்தாலும் உட்காரக்கூடாது.
படியில் வலது கால் மட்டும்.
கர்ப்பிணி ஏறினால் பாட்டு நிற்கவேண்டும்.
இந்தக் கடைசியை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை.
கோர்ட்டில் சொல்லியிருக்கலாம்,
தோன்றவில்லை.

அந்த டிக்கெட்டைத் தொலைத்தவன் நான்.
சட்டைப் பையோடு சோப்புத் தண்ணீரில்.
மறுநாள் பஸ் தரையில் ஒன்றைப் பொறுக்கி,
டீயில் நனைத்து, மாடியில் காயவைத்து,
எட்டு நாள் தலையணைக்கடியில் அழுத்தி
எண்பத்தி நாலு ஆக்கினேன்.

அந்த மாதம்தான் எபினேசர்.
எதிர் ரூட்டு. எங்களுக்கு மூன்றாம் தெரு,
ஒரே குழாயடி.
பார்த்ததும் சிரித்துவிட்டான்:
"டேய், இது போன மாச டிக்கெட்டுடா."

ஓட்டேரி சிக்னல்.
செய்தித்தாள் சுற்றியதைப் பையிலிருந்து உருவியவன் நானில்லை.
நிறுத்தாதவன் நான்.
இரண்டு விரல். வலது கை.
லீவு நாளில் அப்பாவோடு பெயின்ட் அடிக்கப் போகிறவன்.

பத்தொன்பது வருஷம் ஆகிறது.
எழும்பூர் கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடை எனக்கு.
ஜாமீன் மனுவோடு வைக்க
மார்க்‌ஷீட் நகல் எடுக்க வரும் அம்மாக்கள்
"நல்லாப் படிக்கிற புள்ள" என்று
மெஷினைப் பார்த்துச் சொல்வார்கள்.
மெஷின் ஒவ்வொரு முறையும் வெளிச்சமாகித் தலையாட்டும்.

நேற்று ஒருவன் வந்தான்.
மீசை இன்னும் முடிவுசெய்யவில்லை.
உள்ளங்கையில் புதுத் தழும்பு, எனக்குத் தெரிந்த இடத்தில்.
பர்ஸிலிருந்து நோகாமல் எடுத்தான்.
"லேமினேஷன் ணா. பாத்து.
எங்க ரூட்டோட மொத டிக்கெட்டு. எண்பத்தி நாலு."

என் டீக்கறை அதில் இல்லை.
வழவழப்புத் தாள், மெஷினில் அடித்தது,
தேதி, நேரம், நொடிவரை தெரிந்தது.
எனக்குப் பிறகும் எவனோ
துணி துவைத்திருக்கிறான்.

அந்தத் தாளுக்குச் சூடு ஆகாது.
தொழில், தெரியும்.
சொல்ல வாயெடுத்தேன்.
எபினேசர் சிரித்தது ஞாபகம் வந்தது.
உள்ளே விட்டேன்.

மறுபக்கம் வந்தபோது முழுக் கறுப்பு.
ஓர் எழுத்து மிச்சமில்லை.
டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்து
வெகுநேரம் பார்த்தான்.
"இப்பதான் ணா," என்றான்,
"நெஜமாவே பழசு மாரி இருக்கு."

இருபது ரூபாய் என்றேன்.
"ஸ்டூடண்ட் ணா"
என்று படியிறங்கிப் போய்விட்டான்.